உதவி: தேய்ச்சா ஒட்டுற மினுக்கு இழை, மேல கைத்தையல் போட்டதும் பிய்ஞ்சு வருது

தென்றல்_27
அவசரம். தேய்ச்சா ஒட்டிக்கும்னு சொல்ற அந்த மினுக்கு இழை வாங்கி டாப்ஸ் முன்பக்கம் பட்டாம்பூச்சி றெக்கைக்கு வெச்சேன். அயர்ன் பண்ணிட்டு மேல தையல் போட்டேன். மூணு நாள் வேலை. ஒரே ஒரு தடவைதான் அலசினேன், றெக்கை ஓரமெல்லாம் கிளம்பி நிக்குது, தையல் போட்ட இடத்துல கோடு கோடா கிழிஞ்சிருக்கு. இன்னொரு றெக்கை பாக்கி இருக்கு. சனிக்கிழமை இதத்தான் போட்டுட்டுப் போகணும். என்ன தப்பு பண்ணினேன்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கலர்நூல்
என்ன துணி? அயர்ன் எந்தச் சூட்டுல இருந்துச்சு? நடுவுல தாள் போட்டீங்களா? என்ன தையல், எத்தனை இழை நூல்? எப்படி அலசினீங்க, கையிலயா மெஷின்லயா? இது எதுவுமே தெரியாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. போட்டோ இருந்தா போடுங்க.

பட்டன்பெட்டி
சூடு பத்தல. அவ்வளவுதான். எனக்கு ஒட்டுக் கேன்வாஸ் (துணிக்குப் பின்னால தேய்ச்சு ஒட்டற தாங்கு துணி) கிளம்பி வந்தப்பவும் இதே கதைதான். காட்டன் சூட்டுல வெச்சு பத்து செகண்ட் நல்லா அழுத்துங்க, துணியோட துணியா உட்கார்ந்துடும்.

வெள்ளிழை
ஐயோ, பத்து செகண்ட் வேண்டவே வேண்டாம்! நான் அப்படி அழுத்தி ஒரு நல்ல நீலப்பச்சை இழையை வெறும் சாம்பல் கலர் ஆக்கியிருக்கேன். அந்த மினுமினுப்பு சாயம் இல்ல. மெல்லிய படலங்கள் அடுக்கடுக்கா இருந்து வெளிச்சத்தைப் பிரிச்சுக் காட்டுறதால வர்ற நிறம். சூட்டுல படலம் சுருங்கினா நிறம் போயிடும், அப்புறம் என்ன செஞ்சாலும் திரும்பாது.

நுண்தையல்
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. பழைய பதிவுகளை ஒருமுறையாவது படித்துவிட்டு வந்திருக்கலாம். புதிய பொருளைக் கையில் எடுத்தால் முதலில் துண்டுத் துணியில் செய்து பார்க்க வேண்டும். தையல் கற்கும்போது முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. மூன்று நாள் வேலை செய்தவர் மூன்று நிமிடம் சோதித்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

தென்றல்_27
துணி காட்டன்தான். பேப்பர் போட்டேன். சங்கிலித் தையலும் ஓரத்துல சாட்டின் தையலும். ரெண்டு இழை நூல். கைலதான் அலசினேன். போட்டோ அப்புறம் போடறேன், போன்ல சார்ஜ் இல்ல.

ஊசிக்காது
தென்றல், இன்னும் மூணு விஷயம் மட்டும் சொல்லுங்க. பேப்பர்னா என்ன பேப்பர், மேல மட்டும் போட்டீங்களா கீழயுமா? இழையைத் தனியா தகடு மாதிரி ஆக்கிட்டு வெச்சீங்களா, இல்ல பஞ்சு மாதிரி பிரிச்சு நேரா துணி மேலயே பரப்பினீங்களா? அப்புறம், அந்தத் துணியை ரெண்டு கையாலயும் இழுத்தா நீளுமா?

பட்டன்பெட்டி
நீண்டா என்ன, நீளாட்டி என்ன? ஒட்டுறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? புதுத் துணியில கஞ்சி இருந்திருக்கும், அதனாலயும் ஒட்டாது. முதல்ல துவைச்சுட்டுத்தான் இந்த வேலையெல்லாம் தொடணும்.

தென்றல்_27
நோட்டுத் தாள், மேல மட்டும். பஞ்சு மாதிரி பிரிச்சு துணி மேல பரப்பினேன். ஆமா நீளும், டி-ஷர்ட் துணிதான், காட்டன்னு சொன்னேனே.

ஊசிக்காது
சரி, இப்போ படம் தெளிவாயிடுச்சு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க. உங்க வேலை வீணாகல.

முதல் விஷயம். ஏஞ்சலினாங்கற பேர்ல விக்கிற மாதிரி, சூட்டுல ஒட்டுற பாலியெஸ்டர் மினுக்கு இழை தன்னோட தானே ஒட்டுமே தவிர, துணியோட ஒட்டாது. பேர்ல இருக்கற 'ஒட்டும்'ங்கற சொல்லைப் பார்த்துத்தான் முக்காவாசிப் பேர் ஏமாறாங்க, நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். துணியில உட்காரணும்னா இடையில ஒட்டுவலை (சூட்டுல இளகி ரெண்டு பக்கமும் ஒட்டற பசை வலை) வேணும், இல்லாட்டி மேல மெல்லிய நெட் போட்டு மூடணும், இல்லாட்டி தையலே அதைப் பிடிச்சு நிறுத்தணும். நீங்க நேரா துணி மேல பரப்பித் தேய்ச்சதால இழை தங்களுக்குள்ள சேர்ந்து ஒரு தகடாயிடுச்சு. துணிமேல சும்மா படுத்துக் கிடந்துச்சு, அவ்வளவுதான். கஞ்சி இருந்தாலும் இல்லாட்டியும் இதே கதைதான் நடந்திருக்கும். பட்டன்பெட்டி சொன்னபடி முன்னாடியே துவைக்கிறது நல்ல பழக்கம், துணி சுருங்குறதும் அப்பவே முடிஞ்சுடும். ஆனா இங்க காரணம் அது இல்ல.

ரெண்டாவது, கிழிஞ்ச கோடு. ஓரத்துல சாட்டின் தையல் போட்டேன்னு சொன்னீங்க. நெருக்கமா போட்டா ஒரு சென்டிமீட்டருக்குள்ள பதினஞ்சு இருபது ஓட்டை விழும், எல்லாம் ஒரே வரிசையில. தபால்தலை ஓரம் எப்படிக் கிழியுது? அதேதான். துணியில நூல்கள் விலகி ஊசிக்கு வழிவிட்டு மறுபடி சேர்ந்துக்கும். இந்தத் தகடு அப்படி இல்ல, குத்தின ஓட்டை ஓட்டையாவே நிக்கும். சங்கிலித் தையலும் ஒரு கண்ணிக்குள்ளயே ரெண்டு தடவை குத்துறதால அதே தொல்லைதான், கொஞ்சம் கம்மி.

மூணாவது, நீளுற துணி. நீங்க எம்பிராய்டரி வளையத்துல இறுக்கி மாட்டியிருப்பீங்க. அப்போ துணி நீண்டு நின்னுச்சு, அந்த நிலையில தைச்சீங்க. கழட்டினதும் துணி பழைய அளவுக்குத் திரும்பிடுச்சு, தகடு திரும்பாது. அந்த வித்தியாசம் எங்கயாவது போகணும்ல? ஓரம் கிளம்பி நிக்குது. அலசினது அதை வெளியில காட்டிச்சு, அவ்வளவுதான். வளையத்தைக் கழட்டின அன்னிக்கே லேசா சுருக்கம் தெரிஞ்சிருக்கும், யோசிச்சுப் பாருங்க.

பாக்கி றெக்கைக்கு இப்படிச் செய்யுங்க. முதல்ல துணியோட பின்பக்கம் நீளுற வகை ஒட்டுக் கேன்வாஸ் ஒரு துண்டு, றெக்கையைவிட விரல் அகலம் பெரிசா. அதுக்கப்புறம்தான் வளையம், அதுவும் மத்தளம் மாதிரி இறுக்க வேண்டாம், துணி தன் அளவுலயே தட்டையா நின்னா போதும்.

தகட்டைத் தனியா செய்யணும். பேக்கிங் தாள் ரெண்டு எடுங்க, சிலிகான் பூசினது, மெழுகுத்தாள் கூடாது. ஒரு கிள்ளு இழையை எடுத்து நல்லா பிரிச்சு, தாளுக்குக் கீழ வெச்ச அச்செழுத்து மங்கலா தெரியற அளவுக்கு மெல்லிசா பரப்புங்க. மேல இன்னொரு தாள். அயர்ன்ல நீராவி அடைச்சிருக்கணும், சூடு பட்டுத்துணி அளவு. ரெண்டு மூணு செகண்ட் வெச்சு எடுங்க, தேய்க்காதீங்க. தாளைத் தூக்கிப் பார்த்தா தும்பி இறக்கை மாதிரி ஒரு படலம் கிடைக்கும், விரல்ல தொட்டா சரசரன்னு சத்தம் வரும். இழை இன்னும் பஞ்சா பிரிஞ்சு வந்தா இன்னொரு செகண்ட். அதுக்கு மேல போகாதீங்க, வெள்ளிழை சொன்னது முழுக்க உண்மை.

அதை றெக்கை வடிவத்துக்கு வெட்டி, ஒட்டுவலையை அதே அளவுக்கு வெட்டி அடியில வெச்சு, பேக்கிங் தாளை மேல போட்டுத் துணியில ஒட்டுங்க. றெக்கையோட நரம்புக் கோட்டுக்கு கவுச்சிங் (கட்டுத் தையல்) போடுங்க. தடிமனான நூலை மேலயே படுக்க வெச்சு, ஒத்தை இழை நூலால அரை சென்டிமீட்டருக்கு ஒரு இடத்துல கட்டுங்க. ஓட்டை தள்ளித் தள்ளி விழும், கிழியாது. ஓரத்துக்கு கம்பளித் தையல் (பிளாங்கெட் ஸ்டிச்), ஆனா நெருக்கமா வேண்டாம். இல்லன்னா தகட்டுக்கு வெளியில இருக்கற துணியில ஒரு கால், தகட்டுக்குள்ள ஒரு கால்னு எட்டி எட்டிப் போடுங்க. ஊசி ஒன்பதாம் நம்பர் எம்பிராய்டரி ஊசி, நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். பின்னல் துணிங்கறதால உருண்டை முனை ஊசி கிடைச்சா இன்னும் நல்லது. ஒட்டுவலைப் பசை ஊசியில ஏறி இழுக்கும், அப்பப்ப ஒரு துணியில துடைச்சுக்கோங்க.

பிய்ஞ்ச றெக்கையைத் தூக்கிப் போட வேண்டாம். ஓரச் சாட்டினை மட்டும் பிரிச்சுடுங்க, சங்கிலி இருக்கட்டும். மேல அதே நிறத்துல மெல்லிய நெட் ஒரு துண்டு வெச்சு, சங்கிலித் தையல் போன வழியிலயே ஒத்தை இழையால நாலஞ்சு இடத்துல பிடிங்க. ஓரத்துல கம்பளித் தையல் போட்டுட்டு மிச்ச நெட்டை வெட்டிடுங்க. கிழிசல் நெட்டுக்கு அடியில மறைஞ்சுடும், மினுக்கு மட்டும் மேல தெரியும். நைலான் நெட்னா அதுக்கப்புறம் அயர்ன் அந்தப் பக்கமே போகக் கூடாது, உருகிடும்.

வெள்ளிழை
ஊசிக்காது அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். தென்றல், உங்க இழை நிஜமாவே சூட்டுல ஒட்டற வகைதானான்னு பாருங்க. ஒட்டாத வகையும் இருக்கு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு கிள்ளு எடுத்துத் தாளுக்கு நடுவுல வெச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும். ஒட்டாத வகையா இருந்தாலும் வீணில்ல, ஒட்டற இழையோட கலந்து பரப்பினா அது உள்ள மாட்டிக்கிட்டு நிக்கும். நான் எம்பிராய்டரி நூல் வெட்டின துணுக்கைக்கூட அப்படி உள்ள போட்டுத் தகடாக்குவேன், அவ்வளவு அழகா இருக்கும்.

நுண்தையல்
இவ்வளவு நீண்ட விளக்கம் எழுதியும் அடிப்படை ஒன்றை யாரும் கேட்கவில்லை. பசை வைத்து ஒட்டி, மேலே நாலு தையல் பிடித்தால் அது கைத்தையலா? தகடு ஒட்டும் வேலை அது. நிறத்தை நூலிலேயே கொண்டுவரலாம். இரண்டு நிற இழைகளை ஒரே ஊசியில் கோத்து நீள்-குறுந்தையல் போட்டால் றெக்கையின் பளபளப்பு தானாக வரும். உழைக்க மனமில்லாதவர்கள்தான் ஒட்டுகிறார்கள்.

ஊசிக்காது
இது நியாயமில்லைங்க. மேல கிடக்கற பொருளை நூலால கட்டி நிறுத்தறது எம்பிராய்டரியில புதுசே இல்ல. பேயோ திரைச்சீலைன்னு ஒரு பழைய எம்பிராய்டரித் துணி இருக்கு, 11ஆம் நூற்றாண்டு வேலை, கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளம். அதுல உருவங்களை நிரப்பியிருக்கற கம்பளி நூல் முழுக்க மேல படுக்க வெச்சுக் கட்டினதுதான். தங்க இழை வேலையிலயும் அப்படித்தான். தங்கத்தைத் துணிக்குள்ள இழுத்தா உரிஞ்சு போயிடும்னு மேலயே வெச்சுப் பட்டு நூலால கட்டினாங்க. கண்ணாடி வேலையில கண்ணாடிக்குள்ள ஊசி போகுதா? சுத்தித்தானே பிடிக்கிறோம்? நொறுங்குற பொருளைக் காயப்படுத்தாம நூலால தாங்கறதும் ஒரு கைத்திறன்தான்.

நுண்தையல்
தங்க இழை வேலையில் பசை தாங்குவதில்லை, கட்டுத் தையல்தான் தாங்குகிறது. நீங்கள் சொன்ன முறையில் தாங்குவது ஒட்டுவலை. இரண்டும் ஒன்றல்ல.

ஊசிக்காது
அதை ஒத்துக்கறேன். அதனாலதான் ஓரத்துலயும் நரம்புலயும் தையல் போடச் சொன்னேன். ஒட்டுவலை தைக்கும்போது நகராம இருக்கத்தான். நாளைக்கு அந்தப் பசை விட்டாலும் தையல் தாங்கணும், அந்த மாதிரி போடுங்கன்னுதான் சொல்றேன்.

பட்டன்பெட்டி
எனக்கு வேற ஒரு கவலை. இதெல்லாம் பிளாஸ்டிக்தானே? துவைக்கத் துவைக்க துணுக்கு தண்ணியில போகாதா? போட்டுக்கிற துணியில இதை வைக்கவே எனக்கு மனசு வரல. சுவர்ல மாட்டற வேலைன்னா சரி.

வெள்ளிழை
நியாயமான கவலைதான். ஒட்டாம தொங்கற இழைதான் அதிகமா உதிரும். அதனாலதான் ஓரத்தை வெட்டிச் சுத்தம் பண்ணிட்டு நெட் போட்டு மூடறது. உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி திருப்பி, பச்சைத் தண்ணியில கையால அலசி, முறுக்கிப் பிழியாம நிழல்ல காயப்போட்டா உரசல் குறையும். ஆனா அடிக்கடி துவைக்கிற உடுப்புல நானும் வைக்கிறதில்ல. மேல போடற ஜாக்கெட்ல மட்டும்தான்.

கலர்நூல்
தென்றல் எங்க? சனிக்கிழமை நெருங்குது. சிவப்பு, கருநீலம் மாதிரி நூல் போட்டிருந்தா சாயம் விடுதான்னு ஈர வெள்ளைத் துணியால ஒத்திப் பார்த்துக்கோங்க.

தென்றல்_27
ஊசிக்காது அக்கா, ரொம்ப ரொம்ப நன்றி. வளையம் கழட்டினப்பவே சுருக்கம் இருந்துச்சு, தேய்ச்சா சரியாயிடும்னு விட்டுட்டேன். வெள்ளிழை சொன்ன மாதிரி பார்த்தேன், என்கிட்ட இருந்த ரெண்டு நிறத்துல வெள்ளி ஒட்டவே இல்ல, பச்சை மட்டும் தகடாச்சு. ரெண்டையும் கலந்து செஞ்சேன். பழைய றெக்கைக்கு நெட் போட்டாச்சு, கிழிசல் தெரியல. சனிக்கிழமை போட்டுட்டுப் போனேன். இன்னும் துவைக்கல.

கலர்நூல்
சந்தோஷம்! நெட்டுக்கும் நூலுக்கும் என்ன நிறம் எடுத்தீங்க? துவைச்சதும் எப்படி இருக்குன்னு ஒரு போட்டோ போடுங்க, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு பாதியில நிக்குது.