இலை வண்ண அட்டை: உழவர் வயலிலேயே சோதனை வைப்பது எப்படி?

வயல்வரப்பு (கேள்வி)

மன்னார்குடிப் பக்கம் ஒரு உழவர் குழுவுக்குக் களப்பணி பார்க்கிறேன். இந்தச் சம்பாவில் 12 பேர் வயலில் இலை வண்ண அட்டை (நெல் இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத் தேவையை அறியும் நிறக் கட்டங்கள் உள்ள அட்டை) பார்த்து யூரியா போடலாம் என்று பேசியிருக்கிறோம். பாதிப் பேர் சி.ஆர். 1009 நெல் இரகம், மீதிப் பேர் வெள்ளைப் பொன்னி. எந்த நாளிலிருந்து பார்ப்பது, ஒரு தடவைக்கு எவ்வளவு போடுவது? வழக்கமான முறையோடு ஒப்பிட வயலை எப்படிப் பிரிப்பது? "ஆபீஸர் சொன்னார்" என்றால் எங்கள் ஊரில் எடுபடாது, கண்ணால் பார்க்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடவுக்கயிறு

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நடவு வயலில் 14ஆம் நாள், நேரடி விதைப்பில் 21ஆம் நாள் தொடங்கி, கதிர் வரும்வரை வாரம் ஒருமுறை பாருங்கள். காலை 8 முதல் 10 மணிக்குள் பார்ப்பது நல்லது. வயலில் 10 இடம். மேலிருந்து மூன்றாவது, முழுதாக விரிந்த இலையை எடுக்கச் சொல்கிறது நம் வேளாண் பல்கலைப் பரிந்துரை. சில கையேடுகளில் உச்சியில் விரிந்த இலை என்றிருக்கும். குழு முழுக்க ஏதாவது ஒன்றையே பின்பற்றுங்கள், கலக்காதீர்கள்.

அட்டையில் கட்டத்தின் எண் கூடக் கூடப் பச்சை அடர்த்தியாகும். வெள்ளைப் பொன்னிக்கு வரம்பு எண் 3, சி.ஆர். 1009-க்கு 4. பத்தில் ஆறு இலையாவது வரம்பைவிட வெளிறியிருந்தால் மட்டும் உரம். சம்பா போன்ற மழைப் பருவத்தில் ஒரு தடவைக்கு எக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்). அதாவது ஏக்கருக்கு 12 கிலோ, யூரியாவாக 26 கிலோ. குறுவையில் எக்டேருக்கு 35 கிலோ, ஏக்கருக்கு யூரியா சுமார் 30 கிலோ. 45 கிலோ மூட்டையில் மூன்றில் இரண்டு பங்கு என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்) மட்டும் அட்டை பார்க்கும் பாதி, வழக்கமான பாதி இரண்டிலும் ஒரே மாதிரி.

அட்டையில்தான் பலர் தவறுகிறார்கள். பழைய அட்டையில் ஆறு கட்டம், புதியதில் நான்கு கட்டம் (2 முதல் 5 வரை). 12 பேரிடமும் ஒரே வகை இருக்கட்டும். ஜெராக்ஸ் எடுத்ததோ, போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் வந்ததோ உதவாது, நிறம் மாறிவிடும். வெயில் நேராக அட்டையில் விழக்கூடாது. முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்று, உடல் நிழலில் இலையை அட்டைமேல் வைத்து ஒப்பிடுங்கள். இலையைக் கிள்ள வேண்டாம். ஒரு வயலை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆள் பார்க்க வேண்டும், ஆளுக்கு ஆள் கண் மாறும்.

மண்வளம்

ஒன்று சேர்க்கிறேன். வெளிறிய இலை எல்லாம் தழைச்சத்துக் குறைவு அல்ல. தழைச்சத்துக் குறைவு கீழ் இலையில் தொடங்கும். கந்தகக் குறைவு இளம் இலையில் மஞ்சளாகத் தெரியும். நடவு செய்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் கீழ் இலையில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி வந்து பயிர் குட்டையாக நின்றால் துத்தநாகக் குறைவு. அதற்கு யூரியா கொட்டினால் பணம்தான் போகும். துத்தநாகக் குறைவுள்ள மண்ணில் நடவுக்கு முன்பே ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து தூவுங்கள், டி.ஏ.பி. உரத்தோடு கலக்காதீர்கள். பச்சைத் தத்துப்பூச்சியோடு ஆரஞ்சு கலந்த மஞ்சள் தெரிந்தால் துங்ரோ வைரஸ் நோய் சந்தேகம், அந்த வயலின் கணக்கைத் தனியாக வையுங்கள்.

களத்துமேடு

சோதனை அமைப்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஒருவர் வயல் முழுக்க அட்டை, பக்கத்து வீட்டுக்காரர் வயல் முழுக்க வழக்கம் என்று வைத்தால், மண் வேறு, விதை வேறு, நடவு நாள் வேறு. எதனால் வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் ஒரே வயலை வரப்பு போட்டு இரண்டாகப் பிரிக்கட்டும். ஒரே நாற்று, ஒரே நாள் நடவு. ஒப்பிடும் பாதியில் அவர் எப்போதும் போடும் அளவையே போட வேண்டும், புத்தக அளவை அல்ல. அவருடைய பழக்கத்தோடுதானே போட்டி!

மகசூலுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அறுங்கள். வரப்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள், வரப்போரப் பயிர் வெளிச்சம் வாங்கிக் கூடுதலாகக் காய்க்கும். நாலு முளை அடித்துக் கயிறு கட்டியதும் குறுக்கே அளந்து பாருங்கள், மூலைக்கு மூலை 7.07 மீட்டர் வந்தால்தான் சதுரம். இடத்தை அறுவடை நாளில் கண்ணுக்கு அழகாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். நடவின்போதே சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்.

ஈரத்தைக் கழிக்காமல் எடையை ஒப்பிடக்கூடாது, எல்லாவற்றையும் 14 சதவீத ஈரத்துக்கு மாற்றுங்கள். 14 கிலோ நெல்லில் ஈரம் 20 சதவீதம் என்றால் 14 × 80 ÷ 86, அதாவது 13 கிலோ. ஏக்கரில் இப்படி 162 சதுரம் அடங்கும், அதனால் 162-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு சுமார் 2,100 கிலோ.

ஊருக்குச் சொல்வதற்கு அறுவடைக்குப் பத்து நாள் முன்பு வயல் விழா வையுங்கள். பேசுவது வயல்காரராக இருக்கட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். இரண்டு பாதியிலும் சாய்ந்திருப்பதையும், இலைச்சுருட்டுப் புழு, புகையான் பூச்சி தெரிவதையும் காட்டச் சொல்லுங்கள். யூரியா அதிகமான இடத்தில் இவை கூடும். வெள்ளைப் பொன்னி சாயும் இரகம், அதில் இது பளிச்சென்று தெரியும். பின்னர் பலகையில் 12 பேரின் எண்களையும் எழுதுங்கள். சராசரியை மட்டும் போட்டு, மகசூல் குறைந்த வயல்களை மறைத்தால் அடுத்த வருடம் ஒருவரும் வரமாட்டார்கள்.

வயல்வரப்பு

நன்றி ஐயா. இரண்டு கேள்வி பாக்கி. மகசூல் இரண்டு பாதியிலும் சமமாக வந்தால்? எங்கள் பக்கம் தனி வாய்க்கால் இல்லை, ஒரு பாதியின் தண்ணீர் வழிந்துதான் அடுத்த பாதிக்குப் போகும். என்ன செய்வது?

களத்துமேடு

சமமாக வந்து யூரியா குறைந்திருந்தால் அது நல்ல முடிவுதான். உரச் செலவு, தூவும் கூலி, மருந்தடித்த செலவு மூன்றையும் இரண்டு பாதிக்கும் எழுதி வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் அட்டைப் பாதியை மேல்மடையில், அதாவது தண்ணீர் முதலில் வரும் பக்கத்தில் வையுங்கள். வழக்கப் பாதி மேலே இருந்தால் அங்கு போட்ட யூரியா கரைந்து கீழே இறங்கி, அட்டைப் பயிரைச் சும்மாவே பச்சையாக்கிவிடும். பிறகு அட்டை காட்டும் எண்ணில் அர்த்தம் இல்லை. உரம் போடுமுன் தண்ணீரை மெல்லிய படலமாக நிற்கும்வரை வடித்து, போட்டபின் மூன்று நாள் இரண்டு பாதிக்கும் இடையிலுள்ள மடையை மண் வைத்து அடைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரப்பு வழிந்தால் அந்தத் தேதியை இரண்டு பாதிக்குமான நோட்டில் குறித்து வையுங்கள். கணக்குப் பார்க்கும்போது தேவைப்படும்.