பிரெஞ்சு இறந்தகாலம்: ஒழுங்கற்ற வினைகளைக் காதால் பழகுங்கள்

பிரான்சுக்குப் புதிதாக வந்து மொழி வகுப்பில் சேர்ந்தவர்களில் பலர், ஒழுங்கற்ற வினைகளை அகரவரிசையில் உருப்போட்டுவிட்டு, வாய்திறக்க வேண்டிய நேரத்தில் ஒன்றும் நினைவுக்கு வராமல் தவிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்தப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, சொல் முடியும் ஒலியை வைத்து வினைகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. 'நில்' என்பது 'நின்றேன்' என்றும், 'கேள்' என்பது 'கேட்டேன்' என்றும் மாறுவதை நாம் எந்த அட்டவணையிலும் படிக்கவில்லை. காதில் விழுந்து விழுந்தே படிந்தது.

எடுத்தலைக் குறிக்கும் 'ப்ராந்த்ர்' இறந்தகாலத்தில் 'ப்ரி' ஆகும். அதை அறிந்தவருக்குப் புரிந்துகொள்வதற்கான 'கொம்ப்ரி'யும், கற்றுக்கொள்வதற்கான 'அப்ரி'யும் தனியாகப் படிக்காமலே வந்துவிடும். வைத்தலுக்கு உரிய 'மி'யும் இதே கூட்டம்தான். திறத்தலுக்கு 'ஊவேர்', அளித்தலுக்கு 'ஓஃபேர்'. எல்லாவற்றிலும் பெரியது 'லு', 'வு', 'பு', 'ரெசு' என்று முடியும் கூட்டம்: வாசித்தேன், பார்த்தேன், குடித்தேன், பெற்றேன். இவற்றின் இறுதி உயிரொலி தமிழில் இல்லை. உதடுகளை 'ஊ' சொல்வதுபோலக் குவித்துக்கொண்டு, நாக்கை 'ஈ' சொல்லும் நிலையில் வைத்தால் அது பிறக்கும்.

இவற்றைவிட எனக்கு அதிகத் தொல்லை தந்தவை, நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே ஒலியுடைய வினைகள். 'ஜ தி' என்றால் சொல்கிறேன். 'ஜே தி' என்றால் சொன்னேன். 'ஜ ஃபே' செய்கிறேன். 'ஜே ஃபே' செய்தேன். முன்னால் நிற்கும் அந்த ஓர் உயிரெழுத்தில்தான் காலமே இருக்கிறது. ஓர் அலுவலகத்தில், ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டேன் என்று சொல்ல நினைத்து 'ஜ ஃபே லா தமாந்த்' என்றேன். இப்போதுதான் விண்ணப்பிக்கிறேன் என்று புரிந்துகொண்ட அலுவலர் புதிய படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். அன்றிலிருந்து 'ஜே' என்பதைத் தெளிவாக, சற்று அழுத்தியே உச்சரிக்கிறேன்.

துணைவினையிலும் தமிழ் நம்மைச் சற்றே வழிதவறச் செய்யும். 'வந்திருக்கிறேன்' என்பதில் 'இரு' வருவதுபோல, 'ஜ ஸ்வி வெனு' என்பதிலும் இருத்தலைக் குறிக்கும் 'எத்ர்' வருகிறது. ஆனால் 'வாசித்திருக்கிறேன்' என்ற நினைப்பில் 'ஜ ஸ்வி லு' என்று சொன்னால் அது பிழை. அங்கே உடைமையைக் குறிக்கும் 'அவ்வார்' வர வேண்டும்: 'ஜே லு'. போதல், வருதல், பிறத்தல், இறத்தல் போன்ற சில வினைகளும், 'ஜ ம ஸ்வி அன்ஸ்க்ரி' (பதிவு செய்துகொண்டேன்) போன்ற தற்சுட்டு வினைகளுமே 'எத்ர்' கொள்ளும். ஆகவே 'லு' என்று தனியே எழுதிவைக்காமல், 'ஜே லு லா லெத்ர்' என முழு வாக்கியமாகவே எழுதி, உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

கதைகளிலும் வரலாற்று நூல்களிலும் வரும் 'பாஸே சாம்ப்ள்' என்னும் எழுத்துவழக்கு இறந்தகால வடிவங்களைக் கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும். அன்றாடப் பேச்சில் அவை வழங்குவதில்லை.