50 சென் மலேசியக் காசை நடுவுல வச்சா சென்சார் கண்டுக்கவே மாட்டேங்குது, உதவி

பாயான்_பையன்:
வணக்கம் அண்ணன்மாரே. கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு வயர்லெஸ் கார் சார்ஜிங் பேட் ஒண்ணு சின்னதா செஞ்சிருக்கேன். 85 கிலோஹெர்ட்ஸ், 500 வாட். மேலே வரிசைக்கு 4 வீதம் 16 சென்ஸ் காயில் (பேட் மேல உலோகம் விழுந்தா கண்டுபிடிக்கிற சின்னக் கம்பிச் சுருள்). பக்கத்துப் பக்கத்துக் காயிலை ரெண்டு ரெண்டா எதிரெதிரா இணைச்சிருக்கேன். காசு விழுந்தா வோல்டேஜ்ல வித்தியாசம் வரணும். ஒரு காயில் மேல 50 சென் வச்சா அலாரம் அடிக்குது. ஜோடிக்கு நடுக்கோட்டுல வச்சா சத்தமே இல்லை. ஆனா காசு சுடுது, தொட்டுட்டு விரலை உதறிட்டேன். அலாரம் அளவைக் குறைச்சா சும்மா கிடக்கும்போதே கத்துது. அடுத்த வாரம் டெமோ, பட்டர்வொர்த்லேர்ந்து ஃபெர்ரியில பேட்டைத் தூக்கிட்டு வரணும் வேற. காயிலை மறுபடி சுத்தணுமா?

ஜெலுத்தோங்_ஜீவி:
ஏன்லா இவ்வளவு சிரமம்? வயர்லெஸ் போன் சார்ஜர் மாதிரி அனுப்புற பவர்ல வந்து சேர்ற பவரைக் கழிச்சுப் பாருங்க.

சுருள்சாமி:
போன் கதை வேற. 5 வாட்டுல அரை வாட் காணாமப் போனா தெரிஞ்சிடும். 7.7 கிலோவாட் கார் பேட் 90 சதவீதத் திறன்ல ஓடினா 770 வாட் சும்மாவே போகுது. காசு தின்கிற சில வாட்டை அதுல எங்க தேடுவீங்க? கார் கொஞ்சம் தள்ளி நின்னாலே கணக்கு அதைவிட மாறிடும்.

தம்பி, காயில்ல குறை இல்ல, ஜோடி சேர்த்ததுலதான். நடுக்கோட்டுல இருக்கிற காசு ரெண்டு காயிலோட புலத்தையும் ஒரே அளவு கலைக்குது. கழிச்சா பூஜ்யம். ஒண்ணை விட்டு ஒண்ணோட சேருங்க: 1க்கு 3, 2க்கு 4. இப்போ 1க்கும் 2க்கும் நடுவுல கிடந்தாலும் ரெண்டு ஜோடியும் உளறிக் கொட்டும். வெறும் பேட்ல மிச்சம் கொஞ்சம் வோல்டேஜ் வரும், குறிச்சு வச்சுக் கழிச்சிடுங்க. பவரை வாங்குற மேல் தட்டு நகர்ந்தா அந்த மிச்சமும் மாறும், மறுபடி குறிக்கணும்.

மாமாக்_மேசை:
இன்னொண்ணு தம்பி. உங்க முறைக்குப் பவர் அனுப்புற பெரிய காயில் ஓடிட்டே இருக்கணும். பவர் போடுறதுக்கு முன்னாடியே பார்க்கணும்னா சென்ஸ் காயிலுக்கே சின்ன சிக்னல் கொடுத்து, எதிர்ப்பு ஏறுதா, இண்டக்டன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காயில் எவ்வளவு காந்தப் புலம் உண்டாக்குதுங்கிற அளவு) மாறுதான்னு ரெண்டையும் பாருங்க. அலுமினியம் இண்டக்டன்ஸைக் குறைக்கும், இரும்பு கூட்டவும் செய்யும். இண்டக்டன்ஸை மட்டும் நம்பினா ஏமாத்திடும். அப்புறம் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை வச்சுச் சோதிக்காதீங்க. பின்னால காகிதம் ஒட்டியிருக்கு, பத்திக்கும்.

பாயான்_பையன்:
மாத்திட்டேன் அண்ணே! சோல்டரிங் மட்டும்தான், காயிலைத் தொடவே இல்ல. 50 சென்னை எங்க வச்சாலும் அடிக்குது. ஸ்டேப்ளர் பின் மட்டும் தப்பிச்சிடுது.

சுருள்சாமி:
பின் சூடாகுதா? சூடாகலேன்னா விட்டுடுங்க, சுடுறதைப் பிடிச்சா போதும். தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கிற கம்பி) ஒட்டி 10 நிமிஷம் ஓட்டுங்க.

பாயான்_பையன்:
ஒட்டினேன் அண்ணே. தெர்மோகப்பிள் கம்பிக்கே அலாரம் அடிக்குது.

சுருள்சாமி:
அட, அதுவும் உலோகம்தானே! என் தப்பு. தூரத்துலேர்ந்து காட்டுற இன்ஃப்ராரெட் வெப்பமானி யார்கிட்டயாவது இரவல் வாங்குங்க.