வீடியோ பத்து நொடியில் நிற்கிறது, இந்தக் கேமராவை வாங்கலாமா?

கத்துக்குட்டி:
அவசரம். தெரிந்தவர் தன் சின்ன டிஜிட்டல் கேமராவைக் கொடுக்கிறார். எம்பி3, வீடியோ, குரல் பதிவு எல்லாம் உண்டு. போட்டோ அருமை. வீடியோ மட்டும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது, அதில் ஜூமும் வரவில்லை. பாட்டு ஏற்றினால் பட்டியலிலேயே காணோம். நாளைக்குள் பதில் சொல்லணும்.

நிழற்படம்:
என்ன மாடல்? என்ன மெமரி கார்டு? பாட்டுக் கோப்பின் பெயர் எப்படி முடிகிறது?

மணிக்கூண்டு:
பேட்டரிதான். பழசானால் போட்டோவுக்குத் தாங்கும், வீடியோவில் படுத்துவிடும்.

நிழற்படம்:
பேட்டரி என்றால் கேமராவே அணைந்துவிடுமே?

கத்துக்குட்டி:
அணையவில்லை, பதிவு மட்டும் நிற்கிறது. பத்து நொடிகூட ஆகாது. கார்டு வீட்டில் கிடந்த பழசு, 2 ஜிபி. பாட்டு .எம்4ஏ.

தலைமை ஆசான்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பாதி இழை மிச்சம். கையேடு என்று ஒன்று பெட்டிக்குள் இருக்கும், அதைப் படிப்பது குற்றமில்லை.

நிழற்படம்:
ஆசானே, பழைய கேமராவுக்குப் பெட்டி ஏது!
கத்துக்குட்டி, கார்டு மெதுவானது போல இருக்கிறது. இந்த மாதிரிக் கேமராக்களில் பல, வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமையும் தனி ஜேபெக் படமாக எழுதும். 640x480 அளவில் நொடிக்கு 30 படம். கார்டு ஈடுகொடுக்காவிட்டால் கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பிப் பதிவு நின்றுவிடும். கார்டின் மேல் வட்டமாக ஒரு சி, அதற்குள் 4 என்று இருந்தால் நொடிக்குக் குறைந்தது 4 மெகாபைட் எழுதும். கேமரா எஸ்டிஹெச்சி (2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு வகை) ஏற்குமா என்று பார்த்துவிட்டு அப்படி ஒன்று போடுங்கள். கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள், போட்டோவை முதலில் கணினிக்கு மாற்றிவிட்டு.
ஜூம் பழுதில்லை. மோட்டார் சத்தம் மைக்கில் ஏறும் என்று பல மாடல்களில் வீடியோவின்போது பூட்டியே வைப்பார்கள். எம்4ஏ வேறு வகைக் கோப்பு. பெயரை மாற்றினால் போதாது, எம்பி3 ஆக மாற்றி ஏற்றுங்கள்.

மணிக்கூண்டு:
எத்தனை மெகாபிக்சல்? 12க்குக் கீழே என்றால் வேண்டாம்.

தலைமை ஆசான்:
மறுபடியும் மெகாபிக்சலா! சின்னக் கேமராக்களில் வழக்கமான 1/2.3 அங்குல சென்சார், அதாவது படம் பதியும் சில்லு, பெயரில்தான் அந்த அளவு; அகலம் சுமார் 6 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தானைவிடச் சின்ன இடத்தில் எத்தனை பிக்சலைத்தான் திணிப்பீர்கள்? இருட்டில் புள்ளி புள்ளியாக வரும்.

மணிக்கூண்டு:
பெரிதாக பிரிண்ட் போடுபவனுக்குத்தான் தெரியும் அருமை.

தலைமை ஆசான்:
7 மெகாபிக்சலில் பத்து அங்குல பிரிண்ட் தாராளமாக வரும். போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தூரிகை:
அதெல்லாம் இருக்கட்டும், பாட்டு கேட்க கேமரா எதற்கு? பேட்டரி பாட்டிலேயே தீர்ந்து, போட்டோ எடுக்கும் நேரத்தில் கை விரிக்கும்.

நிழற்படம்:
அது நியாயம். ஆப்டிகல் ஜூமுக்காக (லென்ஸே நகர்ந்து பெரிதாக்குவது) வாங்கலாம், பாட்டுக்காக வாங்க வேண்டாம். கத்துக்குட்டி, என்ன ஆச்சு?

கத்துக்குட்டி:
வேறு கார்டில் இருபது நிமிடம் ஓடியது. வாங்கிவிட்டேன். பாட்டு இன்னும் பார்க்கவில்லை. நன்றி.

தலைமை ஆசான்:
மாடல் என்ன என்று கடைசிவரை சொல்லவில்லை பாருங்கள்.