புதுப்பிப்பு: ஆயுஷ்மான் கார்டு இருந்தால் இ.எஸ்.ஐ. வேண்டாமா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலைக்கு வரும் பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் பலர் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் வேண்டாம் என்று சொல்வதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். ஊரில் எடுத்த ஆயுஷ்மான் கார்டு (மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீட்டு அட்டை) போதாதா என்று சிலர் கேட்டீர்கள்.

போதாது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், ஆனால் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான். சாதாரணக் காய்ச்சலுக்கு உதவாது. இ.எஸ்.ஐ.யில் அதற்கும் வைத்தியம் உண்டு. நோயில் படுத்தால் 70 சதவீதக் கூலியும் உண்டு. 15,000 ரூபாய் சம்பளத்தில் பிடிப்பது 113 ரூபாய்தான், முதலாளி 3.25 சதவீதம் போடுகிறார்.

சிக்கல் வேறு இடத்தில். நோயில் படுத்தால் தரும் அந்தக் கூலிக்கு, ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். சட் பூஜைக்கு (பீகார் பக்கத்துப் பண்டிகை) ஊர் போய், திரும்பி வேறு கம்பெனியில் சேர்பவர்கள் பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே கட்டாயம் கொடுங்கள். புது எண் போட விடாதீர்கள், பழைய நாட்கள் அதில் சேராமல் போகும்.