பள்ளிக்கூட மதில் நிதி: வேலிக்காரர் வீட்டாரின் பழைய கணக்கு

அன்புள்ள ஊரவர்க்கு வணக்கம்.

பள்ளிக்கூட வளவைச் சுற்றி மதில் கட்டுவதற்கு ஒவ்வொரு கிளையும் பணம் சேர்க்க வேண்டும் என்றும், வேலையை யாழ்ப்பாண நகரத்து ஒப்பந்தகாரர் ஒருவரிடம் கொடுக்கப் பேசியாயிற்று என்றும் நம் ஊர்ச் சங்கச் செயலாளர் தம்பி இந்தக் குழுவில் எழுதியிருந்தார். கிழக்குப் பக்க வேலி விழுந்து, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருப்பதை ஊருக்குப் போன என் தங்கையும் பார்த்து வந்தாள். ஆகவே அடைப்பு வேண்டுமா என்பதில் எனக்குக் கேள்வி இல்லை. வேலிக்காரர் வீட்டாரைக் கேட்காமல் இந்த வேலை எப்படிப் பேசப்பட்டது என்பதே என் கேள்வி.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த வீட்டுப் பெரியவர் எங்கள் பாட்டன் காலத்திலேயே ஊரின் பாதி வளவுகளுக்கு வேலி அடைத்தவர். மாரி தொடங்கும்போது கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்களை, அதாவது வேரூன்றித் தழைக்கும் வேலித் தடிகளை, நட்டுவிடுவார். மாரி முடிந்து வெயில் பிடித்தபின் பனையோலையை மிதித்து, அடுக்கி, பாரம் வைத்துப் படிய விட்டு, குறுக்கே வரிச்சுத் தடி பிடித்து அடைப்பார். அவர் உள்ளே நின்று குத்தூசியை ஓலைக்குள் செலுத்த, வெளியே நிற்கும் மகன் அதன் காதில் கயிற்றைக் கோத்துவிட, அவர் இழுத்து முடிச்சுப் போடுவார். ஆளுக்கு ஆள் முகம் தெரியாமலே வேலை ஓடும். கழித்த ஓலை புகையிலைத் தோட்டத்துக்குப் பசளையாகும், கதியாலில் வெட்டிய குழை ஆட்டுக்குப் போகும். கூலி பெரும்பாலும் நெல்லாகவோ, காயவைத்த பனங்கிழங்கான ஒடியலாகவோதான் கிடைத்தது. அவர்களுக்குத் தேநீர் எந்தப் பாத்திரத்தில் கொடுக்கப்பட்டது என்பது நினைவுள்ளவர்கள் இந்தக் குழுவில் பலர் உண்டு. ஊர்ப் பெருமை பற்றி நீண்ட மடல் எழுதிய லண்டன் மாமாவுக்கும் அது நினைவிருக்கும்.

மகன் காலத்தில் தென்னோலையில் பின்னிய கிடுகும் முள்ளுக்கம்பியும் வந்தன. சீமெந்துத் தூண் வார்க்கும் அச்சுப் பலகைகளை அவர்தான் எங்கள் ஊருக்கு முதலில் கொண்டுவந்தார். 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்து சீமெந்து கிடைக்காமற் போனபோது அச்சுகளைப் பரணில் போட்டுவிட்டுத் தகப்பனின் குத்தூசியை மறுபடி எடுத்தார். ஆனால் அந்த நாட்களில் பனைகளும் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எல்லோரையும் போல அவர்களும் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அடுத்த ஆண்டு திரும்பியபோது வீட்டுக்கூரையும் இல்லை, அச்சுப் பலகைகளும் இல்லை; யாரோ விறகாக எரித்திருக்க வேண்டும். பேரன் கடன்பட்டுப் புதிதாகச் செய்வித்தார்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். 2002இல் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை திறந்தபின், இதே பள்ளிக்கூடத்துக்குச் சீமெந்துத் தூணும் முள்ளுக்கம்பியும் போடும்படி இதே சங்கம்தான் அந்தப் பேரனைக் கேட்டது. அவர் சொந்தப் பணத்தில் பொருள் வாங்கி வேலையை முடித்தார். நாங்கள் பாதிப் பணம் கொடுத்தோம். 2006 ஓகஸ்டில் பாதை பூட்டப்பட்டதும் மீதியை அனுப்ப வழியில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டது. 2009இல் போர் முடிந்து பாதையும் திறந்தபின் அந்தக் குறிப்பை எவரும் புரட்டவில்லை. அப்போது பொருளாளராக இருந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய பிள்ளைகளும் இந்த மடலை வாசிப்பார்கள் என்பதால் அதற்குமேல் எழுதவில்லை.

இப்போது தொழிலை நடத்துபவர் அந்தப் பேரனின் மகள். தூண் வார்ப்பதோடு வலைக்கம்பியும் பின்னிக் கொடுக்கிறார். என் தங்கை கேட்டபோது அவர் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினாராம்: உப்புக்காற்றில் துருப்பிடித்து அற்றது கம்பிதான், தகப்பன் நட்ட தூண்களில் பெரும்பாலானவை ஆடாமல் நிற்கின்றன, விழுந்த பக்கத்துக்கு மட்டும் புதுத் தூண் போட்டு, மற்றப் பக்கங்களுக்கு வலைக்கம்பி இழுத்தால் போதும். வளவு பள்ளமானது என்பதையும், மாரி வெள்ளம் கிழக்குப் பக்கத்தால்தான் ஒழுங்கைக்கு வடிகிறது என்பதையும் அங்கே படித்த நாம் அறிவோம். அந்தப் பக்கத்தில் மதிலை எழுப்பினால் வகுப்பறைக்குள் தண்ணீர் நிற்கும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மதில் இருக்கிறது என்பது இதற்குப் பதிலாகாது.

ஆகவே பொருளாளர் அண்ணையிடம் கேட்பது: 2006ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்பையும், நகரத்து ஒப்பந்தகாரர் கொடுத்த மதிப்பீட்டையும் அனைவரும் பார்க்க இந்தக் குழுவில் போடுங்கள். வேலிக்காரர் வீட்டு அந்தப் பிள்ளையிடமும் எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்குங்கள். புது வேலை யாருக்குப் போனாலும், சேரும் பணத்தில் முதலில் பழைய மீதி கொடுபட வேண்டும். இவை நடக்கும்வரை எங்கள் வீட்டுப் பங்கு என்னிடமே இருக்கும்.