கவிழ்த்த பாத்திரமும் மெத்தா சூத்திரமும்: 2007இல் பர்மாவில் நடந்தது அன்பின் போராட்டமா?

மறைமலை:
2007 செப்டம்பரில் பர்மியப் பிக்குகள் இராணுவ ஆட்சியை எதிர்த்து நடத்திய ஊர்வலங்களைப் பௌத்த அறவழிக்கு முன்மாதிரியாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆகஸ்ட் 15 அன்று அரசு எரிபொருள் மானியத்தைத் திடீரென நீக்கியதில் டீசல் விலை இரட்டிப்பாகி, கூலிவேலைக்குப் பேருந்தில் போகவே வழியின்றி மக்கள் தவித்தார்கள். செப்டம்பர் 5 அன்று பக்கோக்கு நகரில் ஊர்வலம் போன பிக்குகளைப் படையினர் கட்டிவைத்து அடித்தார்கள். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் பிக்குகள் அதற்குப் பதிலாகப் படையினரிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் பிச்சை ஏற்க மறுத்தார்கள்; பாத்திரத்தைக் கவிழ்ப்பது என்பது இதுதான். தானத்தால்தான் புண்ணியம் சேரும் என்று நம்பும் நாட்டில் அந்த வழியை அடைப்பது தண்டனையே. தண்டித்துக்கொண்டே, எல்லா உயிர்களிடத்தும் அன்பு, அதாவது மெத்தா, கொள்ளச் சொல்லும் மெத்தா சூத்திரத்தை ஓதுவது எப்படிப் பொருந்தும்?

வைகறை:
பாத்திரத்தைக் கவிழ்ப்பது பர்மியர்கள் புதிதாகக் கண்டுபிடித்த உத்தி அன்று, பிக்குகளின் ஒழுக்க விதித்தொகுப்பான விநயத்தில் உள்ளது. லிச்சவி குலத்தைச் சேர்ந்த வட்டன், தப்ப மல்லபுத்தர் என்னும் பிக்குவின்மீது பொய்ப்பழி சுமத்தியபோது, அவனிடம் பிச்சை ஏற்க வேண்டாம் என்று சங்கம் முடிவெடுக்கப் புத்தரே அனுமதித்தார். செய்தி கேட்ட வட்டன் மயங்கி விழுந்தான் என்றும், அவன் வந்து தன் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் பாத்திரம் நிமிர்த்தப்பட்டது என்றும் விநயத்தின் ஒரு பகுதியான சுல்லவக்கம் சொல்கிறது. மீளும் வழியையும் சேர்த்தே வகுத்த நடவடிக்கையை வெறும் தண்டனை என்று எப்படிச் சொல்வது? பர்மாவிலும் முதலில் மன்னிப்புத்தான் கேட்கப்பட்டது. செப்டம்பர் 17 வரை கெடுவும் கொடுக்கப்பட்டது. அது வராததால்தான் 18ஆம் தேதி பாத்திரங்கள் கவிழ்ந்தன. தளபதிகள் பிக்குகளுக்குத் தானம் கொடுக்கும் காட்சியை அரசுத் தொலைக்காட்சி ஓயாமல் காட்டிவந்த நாட்டில், அந்தத் தானத்தைத் தொடர்ந்து வாங்குவது ஆட்சிக்கு ஆசி வழங்குவதாகவே முடிந்திருக்கும்.

மறைமலை:
பக்கோக்குவில் அடி விழுந்த மறுநாள் நடந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? மடத்துக்கு வந்த அதிகாரிகளைப் பிக்குகள் பல மணி நேரம் வெளியே விடவில்லை. அவர்களுடைய வண்டிகளுக்குத் தீ வைக்கப்பட்டது. இதுவும் மெத்தாவா?

வைகறை:
இல்லை. ஆனால் அந்தக் கோபம் அத்தோடு நின்றது என்பதுதான் கவனிக்கத்தக்கது. 18ஆம் தேதிக்குப் பிறகு யாங்கூன் (ரங்கூன்) தெருக்களில் முழக்கத்தைவிட மெத்தா சூத்திரமே ஓங்கி ஒலித்தது. தொடக்க நாட்களில் பொதுமக்கள் ஊர்வலத்தில் கலக்க வேண்டாம் என்று பிக்குகளே கேட்டுக்கொண்டதால், மக்கள் இருபுறமும் கைகோத்து அரணாக நடந்தார்கள். 22ஆம் தேதி மழையில் நனைந்தபடி வந்த பிக்குகளைக் காவலர்கள் தடுப்பைத் திறந்து உள்ளே விட்டார்கள். வீட்டுக்காவலில் இருந்த ஜனநாயகத் தலைவர் ஆங் சான் சூ கீயின் வாசலில் நின்று அவர்கள் ஓதினார்கள். தாய் தன் ஒரே பிள்ளையை உயிரைக் கொடுத்தும் காப்பதுபோல எல்லா உயிர்களிடத்தும் மனத்தை விரிக்கச் சொல்லும் அந்தப் பாட்டு, எதிரே துப்பாக்கியோடு நின்ற சிப்பாயையும் விலக்கவில்லை.

குறிஞ்சிமலர்:
சிப்பாயும் சுட்டானே. 26ஆம் தேதி யாங்கூனின் ஷ்வேடகோன் பகோடா அருகே தடியடி. அன்றிரவிலிருந்து மடங்களுக்குள் புகுந்து கைது. குறைந்தது 31 பேர் இறந்தார்கள் என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பினெய்ரோ பதிவு செய்தார். 2012இல் மேற்குப் பர்மாவின் ராக்கைனில் ரோஹிங்கியா முஸ்லிம்களின் வீடுகள் எரிந்தபோது முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைப் பரப்பியதில் காவியுடை தரித்தவர்களும் இருந்தார்கள். எந்த மெத்தா எஞ்சியது?

வைகறை:
முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்பெற்ற பிக்கு விராத்து 2003 முதல் 2012 ஜனவரி வரை சிறையில் இருந்தவர். 2007இல் ஊர்வலத்தில் நடந்தவர்களையும் அவரையும் ஒரே கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

மறைமலை:
விராத்துவை விடுங்கள், 2007இல் தெருவில் நடந்தவர்களிலேயே சிலர் பின்னர் அந்த வெறுப்பு அணிக்குப் போனார்கள். என் ஐயம் விநயத்தின் மீதே எழுகிறது. பாத்திரத்தைக் கவிழ்ப்பதற்கு அது சொல்லும் எட்டுக் காரணங்களும் பிக்குகளுக்குக் கேடு செய்வதையோ, புத்தர், தம்மம், சங்கம் ஆகியவற்றை இழித்துப் பேசுவதையோ பற்றியவை. பாமரன் அடிபட்டால் கவிழ்க்கலாம் என்று ஒரு வரியும் இல்லை. டீசல் விலைக்காக அல்ல, பிக்கு அடிபட்டதற்காகத்தான் பாத்திரம் கவிழ்ந்தது.

வைகறை:
விதியின் எல்லையை நீங்கள் சரியாகவே சொல்கிறீர்கள். ஆனால் பிக்குகள் வைத்த கோரிக்கைகள் நான்கு: மன்னிப்பு, விலைக் குறைப்பு, அரசியல் கைதிகளின் விடுதலை, ஜனநாயகத் தரப்போடு பேச்சுவார்த்தை. முதலாவது மட்டுமே சங்கத்துக்குரியது. மற்ற மூன்றும் ஊருக்குரியவை. விதி பிக்குவோடு நின்ற இடத்தில் சூத்திரம் அவர்களை மக்களிடம் அழைத்துச் சென்றது.

மறைமலை:
அப்படியானால், 2007இல் விலைவாசி வரைக்கும் விரிந்த அந்தச் சூத்திரம் ஐந்தே ஆண்டுகளில் ராக்கைனின் முஸ்லிம் வீடுகள் வரைக்கும் ஏன் விரியவில்லை என்பதற்கும் நீங்கள் விடை சொல்ல வேண்டும்.